எக்ஸ், ஒய் குடுத்தா போலாருக்கு மாத்துறது எப்படி: டேன் இன்வர்ஸ் ஏமாத்துற இடம்

ட்ரிபிள்ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) பசங்களுக்கு ஏசி சர்க்யூட் ஆரம்பிச்ச உடனே இது தேவைப்படும். கூட்டல் கழித்தல்னா ரெக்டாங்குலர் (எக்ஸ், ஒய்) வசதி, பெருக்கல் வகுத்தல்னா போலார்தான் (ஆர்னா நீளம், தீட்டான்னா கோணம்), பெருக்கணும்னா ஆர் ரெண்டையும் பெருக்கி கோணத்த கூட்டிட்டா வேலை முடிஞ்சுது.

உதாரணத்துக்கு நம்ம 230 வோல்ட் த்ரீ பேஸ் சப்ளையவே எடுத்துக்கலாம். ரெட் பேஸ் 0 டிகிரி, ப்ளூ பேஸ் 120 டிகிரி. ப்ளூல இருந்து ரெட்ட கழிச்சா வர்ற லைன் வோல்டேஜ், எக்ஸ் = -345, ஒய் = 199.19.

ஸ்டெப் 1: ஆர் = √(எக்ஸ்² + ஒய்²). பைதாகரஸ்தான், விளக்கம் வேணாம். 398.37 வரும், எல்லாரும் ரவுண்டா 400 வோல்ட்னு சொல்றது இதைத்தான்.

ஸ்டெப் 2: பேப்பர்ல ப்ளஸ் குறி மாதிரி ரெண்டு கோடு போட்டு புள்ளி எந்தப் பக்கம்னு குறிங்க. இங்க இடது மேல. இத ஸ்கிப் பண்ணாதீங்க ப்ளீஸ்.

ஸ்டெப் 3: தீட்டா = டேன் இன்வர்ஸ் (ஒய்/எக்ஸ்), அதாவது டேன் மதிப்புல இருந்து கோணத்த எடுக்கறது. கால்குலேட்டர் -30னு காட்டும். ஆனா -30 வலது கீழல்ல இருக்கு, நம்ம புள்ளி இடது மேல! ஏன்னா வகுத்த உடனே மைனஸ் மேல இருந்துச்சா கீழ இருந்துச்சாங்கற விஷயமே காணாம போயிடுது, (-345, 199.19)க்கும் (345, -199.19)க்கும் ஒரே விடைதான் வரும், கால்குலேட்டர் மேல தப்பு இல்ல, நாம குடுத்ததே அரைகுறை தகவல். புக்ல நாலு குவாட்ரன்ட்டுக்கு (ப்ளஸ் கோடு பிரிக்கற கால் பகுதி) நாலு ரூல் போட்டு டேபிள் குடுத்திருப்பாங்க, அத மனப்பாடம் பண்ணவே வேணாம். எக்ஸ் மைனஸா இருந்தா 180 கூட்டுங்க. அவ்ளோதான். -30 + 180 = 150 டிகிரி. எக்ஸ் ப்ளஸ்னா வந்தத அப்படியே விட்டுடுங்க.

வெறும் இம்பீடன்ஸ் கணக்கு மட்டும் போட்டவங்களுக்கு இது தெரியவே வராது, அதுல எக்ஸ்ங்கறது ரெசிஸ்டன்ஸ், அது மைனஸ்ல வராதுல்ல. பேசர் (நீளமும் கோணமுமா எழுதற ஏசி வோல்டேஜ், கரண்ட்) கழிக்க ஆரம்பிச்சாதான் மாட்டும்.

எக்ஸ் 0ன்னா? அதே சப்ளைல எல்லோ பேஸ்ல (-120 டிகிரி) இருந்து ப்ளூவ கழிச்சா (0, -398.37). வகுத்தா எரர். படத்த பாருங்க, நேரா கீழ, அதனால -90. இதுக்கு எதுக்கு ஃபார்முலா.

டூல் எதுன்னு கேட்டா என் ஓட்டு காசியோ கால்குலேட்டர்ல இருக்கற போல் (Pol) பட்டனுக்குத்தான். குவாட்ரன்ட்ட அதுவே பாத்துக்கும். 991 ஈஎஸ்ல ஆர், தீட்டா ரெண்டும் ஒண்ணா தெரியும், பழைய எம்எஸ்ல ஆர் மட்டும்தான் வரும், ஆர்சிஎல் அமுக்கி எஃப் அமுக்குனா கோணம்.

அப்டேட்: விடை 2.618னு வருதுன்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க, அது ரேடியன் மோடு. 166.67னு வந்தா கிராட் மோடு. டிஸ்ப்ளே மேல டி எழுத்து (டிகிரி மோடு) இருக்கான்னு பாருங்க.

இன்னொரு அப்டேட்: பைத்தான்ல 150 வருது, எக்செல்ல -60 வருதுன்னு ஒருத்தர் கேட்டார். ரெண்டுலயும் ஏடேன்2 (எக்ஸ், ஒய்ய தனித்தனியா வாங்கிக்கற டேன் இன்வர்ஸ்) இருக்கு, ஆனா பைத்தான்ல ஒய் முதல்ல, எக்செல்ல எக்ஸ் முதல்ல. கூகுள் ஷீட்ஸும் எக்செல் கட்சிதான். ரெண்டுமே ரேடியன்லதான் குடுக்கும், டிகிரிஸ் ஃபங்ஷன்ல போட்டு மாத்திக்கோங்க.