கீரை வட்டு மிதக்கும்போது சவ்வில் என்ன நடக்கிறது

"ஏ.டி.பி. செல்லின் ஆற்றல் நாணயம்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த நாணயத்தை அச்சடிக்கும் இடம் எது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அதனால் தாவரவியல் ஆசிரியையான நான், பாடத்துக்கு முன்பே ஒரு கட்டுப் பாலக் கீரை வாங்கிவிடுவேன்.

300 மில்லி தண்ணீரில் இரண்டு சிட்டிகை ஆப்பச் சோடாவைக் கரையுங்கள். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு. முதல் ஆண்டு தாராளமாக ஊற்றி, நுரையில் வட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் துளைபோடும் பஞ்ச் கொண்டு, நரம்பை ஒதுக்கி, இலையில் பத்து வட்டுகள் வெட்டுங்கள். வாடிய கீரை உதவாது.

ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் வட்டுகளைப் போட்டு, கரைசலைப் பாதியளவு உறிஞ்சி, காற்றை வெளியேற்றுங்கள். முனையை விரலால் அடைத்துத் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பத்து விநாடி பிடித்திருந்துவிட்டு விடுங்கள். இலைக்குள் இருந்த காற்று வெளியேறி, அங்கே கரைசல் புகும். இரண்டு மூன்று முறை செய்தால் வட்டுகள் மூழ்கிவிடும். மூழ்காதவற்றை இரக்கமில்லாமல் நீக்கிவிடுங்கள்.

மூழ்கியவற்றை மீதிக் கரைசலோடு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் வையுங்கள். சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக மேலே வரும். அவற்றைத் தூக்குவது ஆக்சிஜன். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்க இரண்டு நீர் மூலக்கூறுகள் உடைகின்றன. அவற்றின் நான்கு புரோட்டான்கள் இலைச் செல்லின் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு என்ற சவ்வுப் பைக்குள் தங்கிவிடுகின்றன. நீரிலிருந்து பறித்த எலக்ட்ரான்கள் சவ்வின் வழியே போகும்போது இன்னும் பல புரோட்டான்களை உள்ளே தள்ளுகின்றன. அவை வெளியேற ஒரே நல்ல வழி ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதி. புரோட்டான்கள் கடக்கும்போது அது சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் ஏ.டி.பி. உருவாகிறது.

புரோட்டான் ஓட்டம்தான் ஏ.டி.பி.யை உருவாக்குகிறது என்று 1961இல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1966இல் ஜாகெண்டார்ஃப், யூரிபே என்ற ஆய்வாளர்கள் கீரையின் பசுங்கணிகங்களை இருட்டிலேயே அமிலத்தில் ஊறவைத்து, பிறகு காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். வெளிச்சமே படாமல் ஏ.டி.பி. உருவானது. புரோட்டான் ஏற்றத்தாழ்வு ஒன்றே போதும் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

சோடா இல்லாத டம்ளர் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அதில் வட்டுகள் அடியிலேயே கிடக்கும்: சோடா தரும் கரியமில வாயு இல்லாமல், எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஆளின்றி, ஓட்டம் தேங்கிவிடுகிறது.

கடைசியாக, மிதக்கும் வட்டுகளை டம்ளரோடு இருட்டறைக்கு மாற்றி அவ்வப்போது மெல்ல அசையுங்கள். அவை மீண்டும் மூழ்கும். இப்போது ஆக்சிஜனைச் செலவழிப்பது செல்லின் சுவாச நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா. அதன் உள்சவ்விலும் இதே புரோட்டான் வேலைதான். இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் மீதிக் கீரையைக் கடைந்துவிடலாம்.