டிங்கரிங் பார்த்த வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எனக்கு ஒரு சிறிய டிங்கரிங் பட்டறை இருக்கிறது. அடிபட்ட வண்டியைப் புதிதுபோல ஆக்கிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதனால் கோவிலில் யாராவது ஒரு பிள்ளை என்னை ஓரமாக அழைத்து, "மாமா, ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறேன்" என்று தொடங்கினால், பெயிண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். வெளித்தகட்டின் காயத்தைப் பட்டி வைத்து எவரும் மறைத்துவிடலாம். போல்ட்டையும் வெல்டிங் புள்ளியையும் மறைப்பதுதான் கஷ்டம்; அதற்குப் பொறுமையும் பணமும் வேண்டும், பெரும்பாலான பட்டறைகளில் இரண்டுமே இருப்பதில்லை.

பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது போங்கள். கழுவிய ஈரத்தில் எல்லாப் பெயிண்டும் அழகாகத்தான் தெரியும்.

பானட்டைத் திறந்ததும் எல்லோரும் எஞ்சினைப் பார்க்கிறார்கள். நீங்கள் பானட்டின் கீலைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கும் மட்கார்டு போல்ட்டுகளுக்கும் பெரும்பாலான வண்டிகளில் கம்பெனியிலேயே உடம்போடு சேர்த்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஸ்பேனர் பட்டால் போல்ட்டின் முனைகளில் பெயிண்ட் பெயர்ந்து உலோகம் எட்டிப் பார்க்கும். ஒரு பக்கம் பெயர்ந்து மறுபக்கம் பெயராமல் இருந்தால், அந்தப் பக்க மட்கார்டு ஏன் கழற்றப்பட்டது என்று கேளுங்கள்.

அடுத்தது கதவு. கதவோரத்து ரப்பர் பீடிங்கைக் கையாலேயே கொஞ்சம் இழுத்து விலக்கலாம். உள்ளே தகடுகள் சேரும் விளிம்பில் சிறுசிறு வட்டக் குழிகள் ஒரே சீராக வரிசையாகப் போகும். அவை கம்பெனியின் ஸ்பாட் வெல்டிங். நடுவில் குழிகள் காணாமல் போய் விளிம்பு வழவழவென்று இருந்தால் அந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் குழியையும் இதே கண்ணோடு பாருங்கள். பின்னால் இடி வாங்கிய வண்டியில் அந்தத் தகடு நெளிந்திருக்கும், அல்லது சீலன்ட்டை விரலால் தடவி விட்டதுபோல் இருக்கும்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பட்டி தடித்த இடத்தில் பிடிப்பு தளர்ந்துபோகும். ஆனால் சில வண்டிகளின் பானட் அலுமினியம், பம்பர் பிளாஸ்டிக். அங்கே காந்தம் ஒட்டவில்லை என்று சண்டை போட்டுவிடாதீர்கள்.

கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அது மாற்றியது. முன்கண்ணாடியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் போகிற வண்டியில் கல் பட்டு உடைவது சகஜம். பக்கக் கண்ணாடியைத் திருடனும் உடைத்திருக்கலாம். அந்தக் கதவின் போல்ட்டுகளையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், எரிந்துகொண்டே இருப்பதைவிட எனக்குச் சந்தேகம் அதிகம். யாரோ விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள்.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்திலிருந்து வந்த வண்டியானால் ஆலங்கட்டி மழையை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையைச் சாய்ந்த வெயிலில், தகட்டு மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால் சிறு பள்ளங்கள் தெரியும்.

நம் ஊர் வண்டிக்கோ வெள்ளம்தான் கவலை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து, நனைந்த 4,000-க்கும் மேற்பட்ட புது வண்டிகளை நிறுவனமே நொறுக்க முடிவு செய்தது. வீதிகளில் மூழ்கிய வண்டிகளுக்கெல்லாம் அந்தக் கதி வந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது. இங்கே கடற்காற்றால் கதவின் அடியில் துரு ஏறுவது இயல்பு. சீட்டின் அடிப் போல்ட்டிலும், கார்ப்பெட்டுக்குக் கீழேயும் துரு இருந்தால் அது கடற்காற்றின் வேலையாக இருக்காது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சேற்றுக் கறை அந்தச் சுருளில்தான் தங்கும். வண்டிக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் ஜன்னல்களை மூடி ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள்; அடியில் ஈர வாடை ஒளிந்திருந்தால் தெரிந்துவிடும்.

காகிதத்துக்கு வருவோம். பதிவுச் சான்றில் கோட் 2 என்றால் பழைய வண்டி, கோட் 3 என்றால் மீண்டும் கட்டி எழுப்பியது. ஆனால் கோட் 2 என்று இருப்பதாலேயே அடிபடாதது என்று ஆகிவிடாது. காப்பீட்டு நிறுவனம் பழுதுபார்க்கக் கட்டாது என்று கைவிட்ட வண்டிகளும் அதே கோடில் ஏலத்தில் போகின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும், பதினேழு எழுத்து-எண் கொண்ட அடையாள எண்ணான வின் எண்ணைக் கதவு, சேசிஸ், காகிதம் மூன்றிலும் ஒப்பிடுங்கள். தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கத்தின் வின் தேடல் பக்கத்தில் இலவசமாகவும் போட்டுப் பார்க்கலாம். ரோடுவர்த்தி சான்றிதழைக் காட்டிச் சமாதானம் சொல்வார்கள். அது அன்றைக்கு வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று மட்டுமே சொல்கிறது.

பம்பருக்குப் பெயிண்ட் அடித்ததற்காக நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள், விலையைக் குறையுங்கள். வண்டியின் எலும்புக்கூட்டைத் தாங்கும் சட்டமான சேசிஸ் காலில் வெல்டிங் கண்டால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். விபத்தே நடக்கவில்லை என்று விற்பவர் சொன்னால் அதை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தனியாரிடம் வாங்கும்போது இது மிக அவசியம். கடையில் வாங்கினால் நுகர்வோர் சட்டத்தின் ஆறு மாதப் பாதுகாப்பு உண்டு, தனியாரிடம் அது கிடையாது.