பழைய லாரிக்குப் பட்டை மாற்றும்போது கோட்டை விடும் இடங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 1967 மாடல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி ஒன்று நிற்கிறது. டாடாவும் பென்ஸும் 1954-இல் கைகோத்து 1969-இல் பிரிந்தன. அதற்கு முந்தைய வண்டி என்பதால் முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் உண்டு. அப்பா காலத்தில் பச்சைத் தேயிலை ஏற்றியது, இப்போது மாதத்துக்கு நாலு நடை எருவும் விறகும் ஏற்றுகிறது. அதன் பாரத்தைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை மாற்றியபோது செய்யக்கூடாத அத்தனையையும் செய்தோம், சிலவற்றை இரண்டு முறை. அதில் தெரிந்துகொண்டது இது: பட்டையில் தவறு செய்பவர்கள் குறைவு, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டிலும் ஷாக்கிள் பின்னிலும்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

அளப்பதிலிருந்தே தொடங்கலாம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் பட்டை தொய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். மலையில் சமதளம் குதிரைக்கொம்பு. சரிவில் நிற்கிற லாரியின் பாரம் தாழ்ந்த பக்கம் இறங்கி, நல்ல பட்டையையும் அமுக்கிவிடும். எங்கள் வாசலில் அளந்தபோது இடப்பக்கம் 2 அங்குலம் இறங்கியிருந்தது. பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டிப் போய், கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து நிறுத்தி, டயர் காற்றைச் சமமாக்கி அளந்தால் முக்கால் அங்குலம்தான். சக்கரத்தின் நடுவிலிருந்து சேஸின் (வண்டியின் அடிச்சட்டம்) அடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒப்பிட இந்த எண்கள் வேண்டும்.

பட்டையை மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு கழுவாமல் சோதிக்கக்கூடாது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் உடைந்த பட்டை சமர்த்தாக ஒளிந்திருக்கும். கழுவிய மறுநாள் காலையில் குறுக்கே மெல்லிய சிவப்புத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல்தான். கீழ்ப்பட்டையின் நுனி மேல்பட்டையில் உரசும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்குகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அந்தப் பட்டையைக் கழித்துவிடலாம்.

தூக்கும் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பழைய லாரிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். பின்பக்கத்தைத் தூக்கியதும் பிரேக் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. இன்னும் சில வண்டிகளில் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அதில் ஒரு சக்கரத்தைத் தூக்கினாலே போதும், இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழன்று வண்டி நகர ஆரம்பித்துவிடும். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை, சேஸுக்கு அடியில் ஸ்டாண்டு, அச்சுக்கு அடியில் தனி ஜாக்கி. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் நுழையக்கூடாது. பட்டைகளின் நடுவே துளை வழியாகப் போகும் சென்டர் போல்ட்டை அவிழ்க்கும் முன் பட்டைகளைப் பெரிய கிளாம்பில் இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைசிச் சுற்றில் எல்லாம் விரிந்து தெறிக்கும்.

அடுத்தது ஆசை. மேட்டுப்பாளையத்தில் பட்டறைக்காரர் கேட்டார்: “ஏனுங்க, மலை வண்டிதானே? பத்து எம்.எம்.முக்குப் பதிலா பன்னெண்டு போட்டுடட்டுங்களா?” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 10 மி.மீ. பட்டை 11 ஆனால் விறைப்பு 33 சதவீதம் கூடும், 12 ஆனால் 73 சதவீதம். வெறும் வண்டியாக மலையேறும்போது பின்சக்கரம் ரோட்டில் ஒட்டாமல் துள்ளும், பட்டையைச் சேஸில் மாட்டும் ஹேங்கரின் ரிவெட் தளரும், சேஸில் விரிசல் விழும். பாரம் அதிகமானால் நடையைக் கூட்டுங்கள், பட்டையைக் கூட்டாதீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவதும் இதே கதைதான்: புதுசு ஒரு பக்கம், தொய்ந்தது ஒரு பக்கம் என்றால் சாய்வு தீராது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அகலத்தை ஸ்கேலால் குத்துமதிப்பாகப் பார்க்காமல் வெர்னியரில் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் அங்குலக் கணக்கு. 3 அங்குலம் என்பது 76 மி.மீ. சொச்சம். 80 மி.மீ. பட்டை அந்த ஹேங்கருக்குள் நுழையாது, 70 போட்டால் பக்கவாட்டில் ஆடும். சென்டர் போல்ட் துளையையும் கவனியுங்கள். அது எப்போதும் நட்டநடுவில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், பல பட்டைகளில் ஒரு பாதி நீளம், மறு பாதி குட்டை. கழற்றும் முன்பே முன்பக்கம் எது என்று பெயிண்டால் குறி போட்டுவிடுங்கள்.

உடைந்த பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: செய்யாதீர்கள். கார்பன் கூடின ஸ்பிரிங் எஃகு அது, வெல்டிங் சூடுபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். பக்கத்தில் வேறெதையாவது வெல்டு செய்தால்கூட எர்த்தைப் பட்டையில் கொடுக்காதீர்கள். தொய்ந்ததை உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்து வளைத்துத் தருகிறவர்கள் உண்டு. எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, அதன்பின் மிதமாகச் சூடேற்றிப் பதம் பார்த்தால்தான் அது ஸ்பிரிங். அப்படியே ஆறவிட்டால் நாலு லோடில் மறுபடி படுத்துவிடும். பச்சைத் தண்ணீரில் முக்கினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

இப்போது யூ போல்ட், அதாவது U வடிவில் வளைந்த போல்ட். நாங்கள் சூடுபட்டது இங்கேதான். அச்சு நகராமல் பிடித்து வைப்பது சென்டர் போல்ட் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அதன் வேலை பட்டைகளைச் சேர்த்து வைப்பதும், அதன் தலை அச்சின் மேலுள்ள குழியில் உட்கார்ந்து இடம் காட்டுவதும்தான். அச்சையும் பட்டையையும் உண்மையில் பிணைப்பது யூ போல்ட்டின் இறுக்கம். நாங்கள் வேலைக்குக் கொடுத்த இடத்தில் பழைய யூ போல்ட்டையே துடைத்து மாட்டிவிட்டார்கள், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கனமாகப் பெயிண்டும் அடித்திருந்தார்கள். ஏற்கெனவே நீண்டுவிட்ட போல்ட் சரியாக இறுகாது. பெயிண்டோ, ஓட ஓட நசுங்கி, கொஞ்சநஞ்ச இறுக்கத்தையும் தின்றுவிடும். மூன்றாவது வாரம் மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கும்போது பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் ஹார்ன் அடித்து நிறுத்தச் சொன்னார். “அண்ணே, உங்க வண்டி நண்டு மாதிரி போகுதுங்க!” குனிந்து பார்த்தால் இடப்பக்க அச்சு ஓர் அங்குலம் பின்னால் போயிருந்தது. சென்டர் போல்ட்டின் தலை கத்தரித்து விழுந்திருந்தது.

யூ போல்ட், நட்டு இரண்டும் புதிதாகவே வாங்குங்கள். உட்காரும் முகங்களைச் சுரண்டி வெறும் இரும்பாக்குங்கள். நான்கு நட்டையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், அந்த வண்டிக்கான கையேட்டு அளவுக்கு. குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்குவது இறுக்கம் இல்லை, போல்ட்டை இழுத்துக் கெடுப்பது.

முன்பக்கப் பட்டை என்றால் ஒரு கூடுதல் வேலை. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு சரிவுத் தகடு இருக்கலாம். அதைத் திருப்பிப் போட்டால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறி, கொண்டை ஊசி வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் இப்படி ஒரு வண்டியோடு 36 வளைவு இறங்குவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

பட்டையின் நுனியைச் சேஸோடு ஆடும்படி இணைப்பது ஷாக்கிள். பழைய ஷாக்கிள் பின்னைப் புதுப் பட்டையில் மாட்டுவது புது வேட்டிக்குக் கிழிந்த துண்டு. பின்னும் அது உட்காரும் புஷ்ஷும் சேர்த்து மாற்றுங்கள். கிரீஸ் அடிக்கும்போது சேஸைத் தூக்கிப் பின்னின் மேலுள்ள பாரத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உராயும் பக்கத்துக்குக் கிரீஸ் போகவே போகாது. புதுப் பட்டையால் வண்டி உயர்ந்திருக்கும். பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடுகிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம், முதல் லோடு இறக்கியதும் திரும்ப ரெஞ்சு எடுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று உட்கார்ந்து நட்டு தளரும். இரண்டாவது முறை எல்லாம் முறையாகச் செய்து, அரை லோடு எருவோடு போய்வந்த அன்று சாயங்காலம் பார்த்தேன்: எட்டு நட்டில் ஆறு கால் சுற்று வாங்கின. அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரம் ஒன்றும் அசையவில்லை.