டிசைன் மென்பொருள் திறக்கவில்லையா? அன்இன்ஸ்டால் செய்யும் முன் இதைப் பாருங்கள்

ஐகானை இருமுறை சொடுக்குகிறீர்கள். மவுஸ் அம்புக்குப் பக்கத்தில் நீல வளையம் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. வேலையோ நாளைக் காலைக்குள் போயாக வேண்டும். உடனே கை போவது அன்இன்ஸ்டால் பக்கம்தான்.

நானும் அப்படித்தான் செய்தேன். ஒரே மாலையில் மூன்று முறை நீக்கி, மூன்று முறை நிறுவினேன். மூன்று முறையும், மென்பொருள் திறக்கும்போது முதலில் வரும் முகப்புப் படம் அதே வரியில் உறைந்து நின்றது. கடைசியில் பார்த்தால், மென்பொருளின் மேல் குற்றமே இல்லை. முந்தைய நாள் ஆசைப்பட்டு இறக்கிய ஓர் அலங்கார எழுத்துருதான் வழியை மறித்துக்கொண்டிருந்தது.

மறுபடி நிறுவும்போது மென்பொருளின் சொந்தக் கோப்புகள்தான் புதிதாகின்றன. உங்கள் அமைப்புகள், எழுத்துருக்கள், கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்) எல்லாம் மென்பொருளின் கோப்புறைக்கு வெளியே இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் அங்கேதான். இங்கே சொல்லும் வழிகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: உண்மையிலேயே திறக்கவில்லையா?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பட்டியலில் உங்கள் மென்பொருளின் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால், முன்பு மூடியபோது முழுவதும் மூடாமல் பின்னணியில் தங்கிவிட்டது என்று பொருள். பெயர்மேல் வலது சொடுக்கி ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். அதே பெயர் இரண்டு மூன்று முறை இருந்தால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முன்பு இரண்டு மானிட்டர் வைத்திருந்து, இப்போது ஒன்றைக் கழற்றியிருந்தால், கழற்றிய அந்த மானிட்டரின் பக்கம் போய்ச் சாளரம் திறந்திருக்கலாம். டாஸ்க்பாரில் ஐகான் ஒளிர்கிறது, ஆனால் சாளரம் இல்லை என்றால் இதுதான் காரணம். ஆல்ட், டேப் அழுத்தி அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆல்ட், ஸ்பேஸ், அடுத்து எம், அடுத்து ஏதேனும் ஓர் அம்புக்குறி. இப்போது மவுஸை அசைத்தால் சாளரம் அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும்.

படி 2: புதிய பயனர் கணக்கில் சோதியுங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். என் அனுபவத்தில் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவதும் இதுதான். விண்டோஸ் அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குப் போய்த் தற்காலிகமாக ஒரு புதிய பயனரை உருவாக்குங்கள். அந்தக் கணக்கில் நுழைந்து மென்பொருளைத் திறங்கள்.

அங்கே திறந்துவிட்டால், கோளாறு உங்கள் கணக்கின் அமைப்புகளிலோ உங்களுக்காக மட்டும் நிறுவிய எழுத்துருக்களிலோ இருக்கிறது. படி 3, படி 4 பாருங்கள். அங்கேயும் திறக்காவிட்டால் முதலில் படி 5க்குப் போகலாம்.

படி 3: அமைப்புக் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள்

அழிக்கச் சொல்லவில்லை, பெயரை மாற்றத்தான் சொல்கிறேன். நீங்கள் சேர்த்து வைத்த பிரஷ்களும் வண்ணத் தட்டுகளும் குறுக்கு விசைகளும் பல சமயம் அதற்குள்தான் இருக்கும்.

இங்க்ஸ்கேப், கிம்ப் போன்ற இலவச மென்பொருள்களுக்கு இப்படிச் செய்யுங்கள். விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு எழுதி என்டர் கொடுங்கள். திறக்கும் கோப்புறைக்குள் உங்கள் மென்பொருளின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதன் பெயரோடு ‘பழையது’ என்று சேர்த்துவிட்டு மென்பொருளைத் திறங்கள். அது தனக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். திறந்துவிட்டால், பழையதிலிருந்து தேவையானதை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள். மொத்தமாக நகலெடுத்தால் நோயையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவந்துவிடுவீர்கள்.

சிலவற்றில் இதற்கென்றே விசைகள் உண்டு. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டிலும் ஐகானைச் சொடுக்கிய உடனே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். போட்டோஷாப்பில் ஷிஃப்டை மட்டும் பிடித்தால், வெளியார் தந்த பிளகின்களை (கூடுதல் வசதிக்காக இணைக்கும் துணை நிரல்களை) விட்டுவிட்டுத் திறக்கலாமா என்று கேட்கும். பிளகின்மேல் சந்தேகம் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள், அமைப்புகள் பிழைக்கும். கோரல்டிராவில் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர, திறக்கும்போது எஃப்8ஐப் பிடியுங்கள்.

படி 4: எழுத்துருக்கள்

முகப்புப் படம் வந்து அப்படியே நின்றுவிட்டால், அதன் அடியில் ஓடும் சிறிய எழுத்தைப் படியுங்கள். எழுத்துருக்களைத் தேடுகிறது என்ற பொருளில் ஒரு வரி வந்து அசையாமல் நின்றால், துப்பு கிடைத்துவிட்டது. நிறுவிய பிறகு முதல் முறை திறக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். எழுத்துருக்களின் பட்டியலைத் தயாரிக்கச் சில மென்பொருள்களுக்குப் பல நிமிடங்கள் ஆகும். ஒரு பத்து நிமிடமாவது விட்டுப் பாருங்கள்.

அதற்கும் மேல் நின்றால், அண்மையில் நிறுவியதை முதலில் நீக்குங்கள். எது என்று நினைவில்லையா? பாதி பாதியாகப் பிரிக்கலாம். நீங்களாகச் சேர்த்த எழுத்துருக்கள் 400 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, 200ஐ நீக்கித் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி நீக்கிய 200இல் இருக்கிறது, திறக்காவிட்டால் மிச்சத்தில். அந்த 200ஐ 100ஆக்குங்கள், பிறகு 50, 25. அதிகம் போனால் ஒன்பது முறையில் ஒரே கோப்பில் வந்து நிற்பீர்கள். விண்டோஸோடு வந்த எழுத்துருக்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நானும் இப்படித்தான் கண்டுபிடித்தேன், எட்டாவது முறையில். அந்த எழுத்துருவை இன்றுவரை எந்த வேலைக்கும் பயன்படுத்தவில்லை என்பது தனிச் சோகம்.

படி 5: விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பு

சாளரம் கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறைந்தால், விண்டோஸ் அதைக் குறித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தேடி, வரும் முடிவைத் திறங்கள். தேதிவாரியாக ஒரு வரைபடம் வரும். கோளாறு நடந்த நாளில் சிவப்பு வட்டத்தில் குறுக்குக் குறி இருக்கும். அந்த நாளைச் சொடுக்கி, கீழே உங்கள் மென்பொருளின் வரியை இருமுறை சொடுக்குங்கள். ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ என்ற இடத்தில் ஒரு கோப்பின் பெயர் இருக்கும். விழுந்த இடம் அதுதான்.

பெயர் என்வி என்று தொடங்கினால் அநேகமாக என்விடியா டிரைவர். ஐஜி என்றால் இன்டெல். ஏடிஐ என்றால் ஏஎம்டி. ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி 2006இல் வாங்கிவிட்டது, பழைய பெயர் கோப்புகளில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இந்த மூன்றில் எதுவானாலும், கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை எடுத்து நிறுவுங்கள். என்டிடிஎல்எல் என்று இருந்தால் அதன்மேல் பழி போடாதீர்கள். அது விண்டோஸின் அடித்தளக் கோப்பு. வேறு யாரோ செய்த தவறு அங்கே வந்து வெடிக்கிறது.

கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரையும் ஒரு பார்வை பாருங்கள். டிஸ்ப்ளே அடாப்டர் பகுதியில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று மட்டும் இருந்தால், கார்டுக்கு உரிய டிரைவரே இல்லை. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்கள் அப்போது திறக்காது. டெஸ்க்டாப் பெட்டியின் பின்புறத்தையும் எட்டிப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகியிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

படி 6: சில்லறைக் காரணங்கள்

போட்டோஷாப் ‘ஸ்க்ராட்ச் டிஸ்க்’ (தற்காலிகக் கோப்புகளை எழுதும் டிரைவ்) நிறைந்துவிட்டது என்று சொன்னால், வேண்டாததை நீக்கி டிரைவில் இடத்தைக் காலி செய்யுங்கள். வேறு டிரைவ் இருந்தால், திறக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட் பிடித்து அதற்கு மாற்றலாம்.

விசிரன்டைம்140 என்ற கோப்பு இல்லை என்று செய்தி வந்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள். வைரஸை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம். அந்தக் கோப்பு அடங்கிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. 7பி என்று முடியும் பிழைக் குறியீடு வந்தால், பெரும்பாலும் 32 பிட், 64 பிட் என்ற இரு வகைக் கோப்புகள் கலந்துவிட்டன. அதற்கும் முதல் மருந்து இதே தொகுப்புதான்.

பிரின்டரும் காரணமாகலாம். சில டிசைன் மென்பொருள்கள் திறக்கும்போதே பிரின்டரிடம் பக்க அளவு பற்றி விசாரிக்கும். அது இணைப்பில் இல்லாவிட்டால் பதிலுக்குக் காத்தே கிடக்கும். ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ஐ இயல்பு பிரின்டராக வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை, படி 5இல் வந்த கோப்பும் மென்பொருளின் சொந்தக் கோப்புறையில் இருப்பது என்றால், இப்போது அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நீக்கியதும் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு, பழைய நிறுவல் கோப்பை விட்டுவிட்டுப் புதிதாக இறக்கியதிலிருந்து நிறுவுங்கள்.