பழைய டிராக்டரில் லிஃப்ட் தகராறு: பம்பைக் கழற்றும் முன்

டிராக்டரின் பின்னால் கலப்பை போன்ற கருவியை ஆயில் அழுத்தத்தில் தூக்கும் லிஃப்ட் தூக்கவில்லை என்றால், முதலில் பழி விழுவது ஆயிலைத் தள்ளும் பம்ப் மேல்தான். அதைக் கழற்றி மாட்ட ஒரு நாள் போய்விடும். பல சமயம் கோளாறு அங்கே இருப்பதே இல்லை. 1940-களில் வந்த ஃபெர்குசன் டிஇ20, ஃபோர்டு 8என் போன்ற வண்டிகளில் பம்ப் பி.டி.ஓ. தண்டோடு (இன்ஜின் சக்தியை வெளிக் கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு) சேர்ந்துதான் சுழலும். பி.டி.ஓ. லிவரைப் போடாவிட்டால் லிஃப்ட் எழும்பாது, கிளட்ச்சை மிதித்தால் பாதியிலேயே நின்றுவிடும். இதைக் கோளாறு என்று நினைத்துப் பிரித்தவர்களும் உண்டு.

அடுத்தது ஆயில். கலப்பை மேலே நிற்கும்போது ஆயில் அளவு பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் போன ஆயில் கணக்கில் வராமல் குறைவாகக் காட்டும், நாமும் மேலே ஊற்றிவிடுவோம். சமதரையில் நிறுத்தி, கருவியை இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் பெரும்பாலும் தண்ணீர் கலந்திருக்கும். நுரை பொங்கினால் பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. அங்கே வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் இருக்கலாம்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. பாரத்தைத் தூக்கி வைத்து, லிஃப்ட் லிவரைத் தொடாமல் இன்ஜினை அணையுங்கள். மளமளவென்று இறங்கினால் பம்பைத் திட்டிப் பயனில்லை, இன்ஜின் நின்ற பிறகு அதற்கு வேலையே கிடையாது. பிஸ்டன் சீல், கன்ட்ரோல் வால்வு, இடையில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்), இவற்றில் ஒன்று ஆயிலைக் கசியவிடுகிறது. இன்ஜின் ஓடும்போது கருவி கொஞ்சம் இறங்கி, திரும்ப எழுந்து, 'தலையாட்டிக்கொண்டே' இருந்தாலும் இதே கதைதான். காலையில் நன்றாகத் தூக்கி, ஆயில் சூடானதும் சோர்ந்துபோனால், சரி, அப்போது பம்ப் தேய்மானத்தையும் சந்தேகப்படலாம். தொடக்கத்திலேயே பம்ப் ஊளையிட்டால் அடைத்துப்போன வடிகட்டியைப் பாருங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) ஸ்க்ரூவை இறுக்கிப் பார்ப்பவர்களைக் கண்டால்தான். பிரஷர் கேஜ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. கசிவு அப்படியே இருக்கும், கூடவே வேறு எதுவாவது உடையும்.

பிரஷரில் இருக்கும் குழாயில் ஒழுக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். ஒழுக்கைத் தேட, குழாய் அருகே ஒரு காகித அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும். தூக்கிய கருவிக்கு அடியில் வேலை என்றால் உறுதியான முட்டு வைத்த பிறகே தலையை நீட்டுங்கள்.