பூனையை நிறம் பார்த்து வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்ஷியன் வாங்கி, ஜோடி சேர்த்து, குட்டி விற்கலாம் என்று இறங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். தடுப்பூசி, சாப்பாடு பற்றியெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெள்ளையோடு வெள்ளையைச் சேர்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது. வாங்க வருகிறவர்கள் "முழு வெள்ளை, நீலக் கண்" என்று கேட்கிறார்கள், விலையும் கூடக் கொடுக்கிறார்கள். உடனே வெள்ளைக் கடுவனுக்கு வெள்ளைப் பெட்டையைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். முழு வெள்ளை என்பது தனி நிறமே இல்லை. கிட் என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம், கருவிலேயே நிறமிச் செல்கள் தோலுக்குப் போய்ச் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. உள்ளே கறுப்பு இருந்தாலும் செம்மஞ்சள் இருந்தாலும் வெளியே தெரியாது. அதே செல்கள் உள்காதுக்கும் வேண்டும். அங்கே அவை இல்லையென்றால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்பு சிதைந்துவிடும், அதற்கு மருந்து கிடையாது. இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் பாதிக்கு மேல் செவிடு. தாய், தகப்பன் இரண்டும் வெள்ளையாக இருந்தால் குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வரலாம், அப்போது ஆபத்து இன்னும் அதிகம். புதுச் செய்தியும் இல்லை இது: நீலக் கண் பூனைக்குக் காது கேட்காது என்று 1859லேயே டார்வின் எழுதிவிட்டார்.

தெரிந்த பையன் ஒருவன் அப்படி ஒரு ஜோடிக்குப் பிறந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குதுண்ணா, ரொம்பத் திமிரு" என்றான். அப்போது அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. என் பூனைகள் எல்லாம் காதைத் திருப்பின; சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த அந்தக் குட்டிக்குக் காது மடல்கூட அசையவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மெத்தை அமுங்கியதும்தான் திடுக்கிட்டு எழுந்தது. அதற்கு முன்பே அவன் விற்ற ஒரு குட்டி, ரிவர்ஸ் எடுத்த காரில் அடிபட்டுச் செத்திருந்தது.

வெள்ளை வேண்டுமென்றால் ஒன்றையாவது நிறமுள்ளதாகப் பாருங்கள். அப்படிச் செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர, போய்விடாது. காது கேட்காததைக் குட்டி போட விடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அது நன்றாகவே வாழும்.

கைதட்டிக் காது சோதிப்பது

காற்றசைவும் தரை அதிர்வும் போதும், செவிட்டுப் பூனையும் திரும்பிப் பார்க்கும். ஒரு காது மட்டும் போயிருந்தால் மின்முனை வைத்து மருத்துவர் செய்யும் சோதனையில்தான் தெரியும்.

மூவண்ணக் கடுவனுக்காகக் காசைக் கொட்டுவது

செம்மஞ்சள் நிறம் எக்ஸ் குரோமோசோமில் வருவது. அதுவும் கறுப்பும் ஒரே உடம்பில் சேர இரண்டு எக்ஸ் வேண்டும், அதனால் மூவண்ணம் அநேகமாகப் பெட்டைதான். கடுவனுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய்தான்; அபூர்வமாகக் கூடுதல் எக்ஸ் சேர்ந்து எக்ஸ்எக்ஸ்ஒய் அமைந்தால் மூவண்ணம் வரும். ஜப்பானில் அதை அதிர்ஷ்டம் என்பார்கள், சரி. ஆனால் பெரும்பாலும் மலடு, அதை வைத்து வம்சம் வளர்க்க முடியாது.

"ஆதிகாலத்து நிறம்" என்ற பேச்சை நம்புவது

மனிதனோடு பூனை சேர்ந்து சுமார் 10,000 ஆண்டு ஆகிறது. அதில் பெரும்பகுதிக் காலம் எலி பிடித்தால் போதும் என்றுதான் இருந்தோம், பூனையும் காட்டு மூதாதையைப் போல மெல்லிய வரிகளோடே இருந்தது. சுழி சுழியாக அகன்ற பட்டைகள் கொண்ட பூனை இடைக்காலத்துக்குப் பிறகுதான் பரவியது. பழைய எலும்புகளின் டிஎன்ஏவை வைத்து 2017ல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு நிறத்துக்கென்றே ஜோடி சேர்ப்பது சூடு பிடித்தது. பரம்பரைக் கதை சொல்லி விலை ஏற்றினால், எழுந்து வந்துவிடுங்கள்.

கறுப்புக் குட்டியை ஒதுக்குவது

சகுனம் பார்க்காதீர்கள்.

சியாமீஸ் குட்டிக்குப் பிறந்த அன்றே விலை பேசுவது

வெள்ளையாகத்தான் பிறக்கும். அதன் நிறமி நொதி உடம்பில் குளிர்ந்த இடத்தில் மட்டுமே வேலை செய்யும். முகம், காது, பாதம், வால் எல்லாம் அப்புறம்தான் கறுக்கும். சில வாரம் பொறுத்துப் பாருங்கள்.