விவாக அறிவித்தல் கொடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். தை பிறந்ததும் கல்யாணம். அதற்கு முன் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். "அக்கா, இந்தப் படிவத்தைக் கொஞ்சம் நிரப்பித் தாங்க" என்று பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மேசையில் வைத்தார். இரண்டிலும் இரண்டு பெயர். சட்டைப் பையில், இரண்டும் தன் பெயரே என்று சத்தியம் செய்து வாங்கிய ஒரு சத்தியக் கடதாசி. என் அக்காவின் கல்யாணத்தில் நான் செய்த தவறே திரும்ப வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அட்டையை மறந்து வருவதைப் பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

சத்தியக் கடதாசி போதும் என்று நினைப்பது

தோட்டத்தில் பிள்ளை பிறந்ததும் பாட்டியின் பெயரைச் சொல்லிப் பதிவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வேறு பெயர். அந்தப் பெயரே பிறகு எல்லாப் பத்திரத்திலும் ஏறிவிடும். சிலருக்குப் பெயர் ஒன்றுதான், எழுத்து வேறு. சிங்களத்தில் ழகரம் இல்லை. அதனால் சிங்களத்தில் பதிவான தமிழ்ச்செல்வி, மறுபடி தமிழுக்கு வரும்போது தமில்செல்வி ஆகிறார்.

என் அக்காவுக்கு இருந்தது முதல் வகைச் சிக்கல். சமாதான நீதவானிடம் போய் "இரண்டு பெயரும் ஒருவருடையதே" என்று சத்தியக் கடதாசி முடித்து, அட்டையில் இருந்த பெயரில் அறிவித்தல் கொடுக்க வைத்தேன். கல்யாணம் நடந்தது. நானும் மறந்துவிட்டேன்.

அம்மா காலமான பிறகுதான் வினை தெரிந்தது. அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தோம். பிறப்புச் சான்றிதழில் மகளுக்கு ஒரு பெயர், விவாகச் சான்றிதழில் இன்னொரு பெயர். "இவர்தான் அந்த மகள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். கொழுந்து பறித்துச் சேர்ந்த காசு இரண்டு வருடம் கைக்கு வரவில்லை. பெயரைத் திருத்துவதற்காக அக்கா வேலையை விட்டுவிட்டு நான்கு தடவை பத்தரமுல்லையில் உள்ள திணைக்களத்துக்கு பஸ் ஏறினாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அறிவித்தலில் எழுதும் பெயர் விவாகச் சான்றிதழுக்குப் போகும், அங்கிருந்து பிள்ளைகளின் பத்திரங்களுக்கும் போகும். சத்தியக் கடதாசி எந்தப் பதிவையும் திருத்தாது.

அதனால் நாள் குறிப்பதற்கு முன்பே இருவரின் பத்திரங்களையும் பக்கம் பக்கமாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தகப்பன் பெயரையும் பிறந்த திகதியையும் சேர்த்துத்தான். பிழை பிறப்புச் சான்றிதழில் என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து அனுமதிப் பதிவு அங்கே பெரிய உதவி. அட்டையில் என்றால் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பம். சரி, மாதக்கணக்கில் இழுக்கும்தான். ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு திருத்துவதைவிட அது எவ்வளவோ மேல். அந்தத் தம்பி படிவத்தை நிரப்பாமலே, பள்ளிக்கூடத்து அதிபரைப் பார்க்கப் புறப்பட்டார்.

கொழும்பில் இருந்துகொண்டு தோட்டத்து விலாசம் கொடுப்பது

கடை வேலைக்குப் போன பிள்ளைகள் செய்வது இது. அறிவித்தல் கொடுக்கும் பதிவாளர் பிரிவில் அதற்கு முன் குறைந்தது 10 நாள் வசித்திருக்க வேண்டும். மணமக்கள் வெவ்வேறு பிரிவில் இருந்தால் அவரவர் பிரிவுப் பதிவாளரிடம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஊர் விலாசம் பாசத்துக்குச் சரி, படிவத்துக்குச் சரிவராது.

நாளை மறுநாள் கல்யாணம் என்று வருவது

அறிவித்தல் பதிந்து 12 நாள் கழிந்துதான், கல்யாணத்தை நடத்தலாம் என்ற சான்றிதழைப் பதிவாளர் தருவார். அவசரம் என்றால், அந்த நாட்கள் காத்திராமல் மணக்க விசேட அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். அறிவித்தல் பதிந்து 3 மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அறிவித்தல் செல்லாது.

பிறப்பே பதியாதவர்கள் கடைசி வாரத்தில் ஓடுவது

பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் கிடைக்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே விண்ணப்பியுங்கள்.

மறுமணம்

விவாகரத்தில் முதலில் கிடைக்கும் இடைக்காலத் தீர்ப்பு போதாது. இறுதித் தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதி வேண்டும். துணையை இழந்தவருக்கு இறப்புச் சான்றிதழ்.

போட்டோப் பிரதி

மூலப் பத்திரமும் கையில் இருக்கட்டும்.